தனியாக உலகம் சுற்றி வந்த இடா அம்மா



மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு குழுக்கூட்டத்தில் சொன்னாங்க. ஜான்சி ராணி, அன்னை தெரசா எல்லாம் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கிட்டது இடா பைஃபர் என்ற அம்மாவை. ஆஸ்திரியா நாட்டுக்காரர். ராணியும் இல்லை, டாக்டரும் இல்லை. வீட்டைப் பார்த்து, இரண்டு மகன்களை வளர்த்து ஆளாக்கிய குடும்பப் பெண். 44 வயசுக்கு மேல தனியாக் கிளம்பி, உலகத்தை இரண்டு தடவை சுற்றி வந்தாங்க.

1797ல் வியன்னா நகரத்தில் வசதியான துணி வியாபாரி வீட்டில் பிறந்தார். அண்ணன் தம்பிகளோடு ஆம்பளப் பிள்ளை மாதிரியே உடுத்தி, ஓடி விளையாடி வளர்ந்தார். 9 வயசில் அப்பா இறந்துட்டார். அதுக்கப்புறம் அம்மா பாவாடை கட்டச் சொல்லி, பியானோ வாசிக்க வச்சாங்க. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மேல் விருப்பம் வந்தது. அம்மா சம்மதிக்கலை. கடைசியில் 1820ல், தன்னைவிட 24 வயது மூத்த ஒரு வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டு லெம்பர்க் என்ற ஊருக்குப் போனார்.

அந்தக் கணவர் நேர்மையானவர். அதிகாரிகளின் ஊழலை வெளியில் கொண்டுவந்ததால் அவர் வேலையே போச்சு. குடும்பம் கீழே இறங்கிடுச்சு. பிள்ளைகளுக்குக் காய்ந்த ரொட்டி மட்டும் கொடுத்த நாளும் உண்டு. இடா அம்மா அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இசையும் ஓவியமும் சொல்லிக்கொடுத்து நாலு காசு பார்த்தார். வெளியே தெரிந்தால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல்னு அப்போ நினைப்பு. கஷ்டத்தை மறைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களோடு வியன்னாவுக்கே வந்துட்டார். கணவர் லெம்பர்க்கிலேயே இருந்தார். அம்மா வீட்டிலிருந்து கொஞ்சம் சொத்து வந்தது. மகன்கள் படித்து அவரவர் வழியில் நின்றபோதுதான், சின்ன வயசிலிருந்து மனசுக்குள்ள கிடந்த ஆசை எழுந்து உட்கார்ந்தது. ஊர் உலகம் பார்க்கணும்.

எங்க ஊரில் ஒரு பெண் தனியா பஸ் ஏறினால் எங்க போற, எதுக்குப் போறன்னு நாலு பேர் கேட்பாங்க. கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சொந்தக்காரங்க கல்யாணத்துக்குன்னு சொன்னால் விட்டுடுவாங்க. சும்மா பார்த்துட்டு வரப் போறேன்னு சொல்லிப் பாருங்க! வியன்னாவிலும் அதே கதைதான். அதனால் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில் இருக்கிற தோழியைப் பார்க்கப் போறேன்னு மட்டும் வீட்டில் சொன்னார். அதைத் தாண்டி ஜெருசலேம் போகிற திட்டத்தை வெளியே விடலை. உயில் எழுதி வச்சுட்டு, 1842 மார்ச் மாதம் டான்யூப் ஆற்றில் கப்பல் ஏறினார். ஜெருசலேம், எகிப்து, இத்தாலி பார்த்துட்டு டிசம்பரில்தான் வீடு திரும்பினார்.

பணத்துக்கு என்ன செய்தார்னுதானே கேட்பீங்க? நானும் அதைத்தான் முதலில் தேடினேன். போன இடத்தில் எல்லாம் தினமும் நோட்டில் எழுதி வச்சார். அந்த நோட்டு புத்தகமா அச்சாகி, கிடைத்த காசில் 1845ல் ஐஸ்லாந்து போனார். அதுக்கு முன்னாடி டேனிஷ் மொழியும் போட்டோ எடுக்கவும் கற்றுக்கொண்டார். செடி, பூச்சி, வண்டு எல்லாம் பிடித்துப் பக்குவம் செய்து அருங்காட்சியகங்களுக்கு விற்றார். செலவிலும் கெட்டிக்காரர். காசுக்காகப் பாய்மரக் கப்பலில் போவார், நீராவிக் கப்பல் என்றால் இரண்டாம் வகுப்பு. உள்ளூர்க்காரங்க சாப்பிடுவதையே சாப்பிட்டார், தரையில் படுத்தார். வீட்டில் அரைக்காசையும் எண்ணிச் செலவு செய்த கைதானே.

முதல் உலகச் சுற்று 1846ல் தொடங்கியது. பிரேசில் நாட்டில் காட்டு வழியில் ஒருத்தன் கத்தியோடு பாய்ந்தான். அந்தம்மா கையில் இருந்தது ஒரு குடையும் சின்ன மடக்குக் கத்தியும். கையில் வெட்டு வாங்கியும் விடாமல் எதிர்த்து நின்றார். குதிரையில் ஆட்கள் வந்து காப்பாற்றினாங்க. அத்தோடு ஊர் திரும்பலை. தாஹித்தி, சீனா, சிங்கப்பூர், இலங்கையில் கண்டி எல்லாம் பார்த்து, 1847ல் நம்ம சென்னைத் துறைமுகத்தையும் தொட்டுத்தான் கல்கத்தா போனார். காசி, டெல்லி பார்த்துட்டு, மாட்டு வண்டியில் உட்கார்ந்து எல்லோரா, பம்பாய் வரை. மாட்டு வண்டிக் குலுக்கல் தெரிந்தவங்களுக்கு அது என்ன தூரம்னு புரியும்.

பாக்தாதிலிருந்து மோசுல் வரை பாலைவனத்தில் கோவேறு கழுதைக் கூட்டத்தோடு இரண்டு வாரம். மோசுலுக்கு அப்பால் பாரசீக வழி ரொம்ப ஆபத்து. அங்கே அவர் செய்த ஒன்று என்னை உலுக்கிடுச்சு. எழுதி வைத்த குறிப்புகளை எல்லாம் கட்டி முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டார். தான் வராவிட்டாலும் எழுத்தாவது மகன்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று. அனுப்பிட்டு, அதே வழியில் நடையைக் கட்டினார். 1848 நவம்பரில் உயிரோடு வீடு வந்தார்.

போன வருஷம் பட்டறிவுப் பயணத்துக்கு மூணு நாள் கிளம்பறதுக்குள்ள, மாட்டுக்குத் தீவனம் யார் வைக்கிறது, மாமியாருக்கு மாத்திரை யார் கொடுக்கிறதுன்னு எங்க குழுவில் நாலு பேர் நின்னுட்டாங்க. அவங்களைக் குறை சொல்லலை. இடா அம்மாவும் பிள்ளைகள் வளரும் வரைக்கும் காத்திருந்தவர்தான். ஆனால் அதுக்கப்புறமும் காரணம் தேடிக்கிட்டு உட்காரலை, அதுதான் எனக்கு வியப்பு.

1851ல் இரண்டாவது சுற்று. இந்தத் தடவை அரசாங்கமும் கொஞ்சம் உதவியது. பேர் தெரிந்துவிட்டதால் சில கப்பல் கேப்டன்கள் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டாங்க. சுமத்ரா தீவில் பட்டாக் மக்கள் மனிதக் கறி தின்பவங்கன்னு எல்லோரும் பயமுறுத்தியும் உள்ளே போனார். ஈட்டியோடு வழி மறித்தவங்களிடம், தெரிந்த அரைகுறை பாஷையில், நான் கிழவி, என் கறி வேகாது என்று சொல்லிச் சிரிக்க வச்சு வழி வாங்கினாராம். இதைப் படிச்சு நான் தனியா சிரிச்சேன்.

ஒன்று சொல்லணும். சில நாட்டு மக்களின் நிறத்தையும் முகத்தையும் பற்றி அந்தம்மா கடுமையா எழுதியிருக்காங்க. அது எனக்குப் பிடிக்கலை. ஆனால் போர்னியோ தீவில் எல்லோரும் பயந்த தயாக் மக்கள் நல்லவங்க, நாணயமானவங்கன்னு எழுதியதும் அவங்கதான்.

பெர்லின் புவியியல் சங்கம் கௌரவ உறுப்பினர் ஆக்கியது. லண்டன் சங்கமோ பெண் என்பதால் சேர்க்கலை. 1857ல் மடகாஸ்கர் போனார். அங்கே ராணிக்கு எதிராக மற்றவங்க செய்த சதியில் இவர் பேரும் மாட்டி, நாட்டை விட்டு அனுப்பினாங்க. சில நாளில் முடிய வேண்டிய வழியை, சதுப்பு நிலத்தில் 50 நாளுக்கு மேல் இழுத்தடித்தாங்க. அங்கே பிடித்த காய்ச்சல் விடவே இல்லை. 1858 அக்டோபரில் வியன்னாவில் சகோதரர் வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 61.

அந்தக் கடைசிப் பயணத்தின் நோட்டை 1861ல் புத்தகமாக வெளியிட்டது அவர் மகன் ஆஸ்கர்.