எலிசபெத்துக்குக் கிடைக்காத தையல் இயந்திரம்

தீபாவளிக்கு முன் மனைவிக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தர நினைப்பவர் வாயில் முதலில் வரும் பெயர் ‘சிங்கர்’. ஜொகூர் தோட்டப்புறத்துப் பெரியவர்களைக் கேட்டாலும் அதே பெயர்தான். இயந்திரங்களைக் குறை சொன்ன காந்தியடிகள்கூட இதற்கு மட்டும் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் இதை உருவாக்கினார் என அவர் நம்பினார். பல பெண்களோடு குடும்பம் நடத்திய சிங்கருக்கு அந்தக் கதை அவ்வளவாகப் பொருந்தாது. பொருந்துவது எலியாஸ் ஹோவுக்கு.

1819இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் ஹோவ். இயந்திரப் பட்டறைத் தொழிலாளி. 1841இல் எலிசபெத்தை மணந்தார். மூன்று பிள்ளைகள். நோஞ்சான் உடம்பு என்பதால் வேலை முடிந்து வந்தால் படுக்கைதான். சம்பளம் போதாமல் எலிசபெத் கூலிக்குத் துணி தைத்தார். படுத்தபடியே அவர் கையைக் கவனித்த ஹோவ், அதே அசைவை இயந்திரத்தில் கொண்டுவர முயன்றார். சரிவரவில்லை. பிறகு ஊசியின் காதை முனைப்பக்கம் வைத்து, மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பிணைக்கும்படி செய்தார். இன்றைய வீட்டு இயந்திரங்களும் அப்படித்தான் தைக்கின்றன. (ஓட்டையுள்ள ஈட்டிகளைக் கனவில் கண்டார் என்பது சுவையான கதை, அவ்வளவே.)

1845இல் பாஸ்டனில் ஐந்து தையல் பெண்களோடு போட்டியிட்டு அவரது இயந்திரம் வென்றது. விலை 300 டாலர். வாங்க ஆளில்லை! 1846 செப்டம்பர் 10ஆம் தேதி காப்புரிமை கிடைத்தும் நிலை மாறவில்லை. பிழைப்புத் தேடி லண்டன் போனார். அங்கும் முதலாளியோடு ஒத்துப்போகவில்லை. குடும்பத்தை முன்னதாக ஊருக்கு அனுப்பிவிட்டு, மாதிரி இயந்திரத்தையும் காப்புரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்து, 1849இல் நாடு திரும்பினார். நியூயார்க்கில் இறங்கியபோது, எலிசபெத் காசநோயால் சாகக் கிடக்கும் செய்தி வந்தது. ரயிலுக்குக்கூடக் காசில்லை. தந்தை அனுப்பிய பணத்தில் போய், கடைசி நேரத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இறுதிச் சடங்குக்கு உடுத்தியது இரவல் உடை.

அதற்குள் பலர் அவருடைய முறையில் இயந்திரம் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஹோவ் வழக்குப் போட்டு 1854இல் சிங்கரை வென்றார். 1856இல் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி, விற்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அவருக்கு உரிமைத்தொகை தர ஒப்புக்கொண்டார்கள். அதே காலத்தில் சிங்கர் நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்தது. பின்னாளில் மலாயாவில் கைக்காசு குறைந்த குடும்பங்களும் இயந்திரம் வாங்க முடிந்தது அந்தத் தவணையால்தான்.

ஹோவ் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் சம்பாதித்தார். காப்புரிமை முடிந்த சில வாரங்களில், 1867 அக்டோபர் 3ஆம் தேதி, 48 வயதில் இறந்தார். எலிசபெத் இறந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.