கடலடியைக் காட்டிய ஆர்தர் சி. கிளார்க்

கடலை வரையச் சொன்னால், துறைமுகத்தை அண்டி வாழும் எங்கள் பிள்ளைகள் ஒரு நீலக் கோடும் அதன்மேல் ஒரு வள்ளமும் வரைகிறார்கள். கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் கீழ்ப்பகுதியைப் பார்க்கவே திருகோணமலைக்கு வந்த ஒருவரின் வாழ்க்கையை நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆர்தர் சி. கிளார்க் 1917இல் இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையின் ராடர் பிரிவில் பணியாற்றினார். மூடுபனியில் விமானிக்குத் தெரியாத ஓடுபாதை ராடருக்குத் தெரிந்தது. 1945இல், செய்மதிகளைக் கொண்டு உலகம் முழுவதும் தொடர்பாடலாம் என்று கட்டுரை எழுதினார்.

1956இல் இலங்கையில் குடியேறினார். அதே ஆண்டு அவரும் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடினார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டார்கள். செவிவழிக் கதையாக இருந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

1961இல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கிரேட் பாசஸ் வெளிச்சவீட்டருகே, மூழ்கிய கப்பலொன்றை வில்சன் கண்டார். அதிலிருந்த வெள்ளி நாணயங்கள் ஒளரங்கசீப்பின் ஆட்சியில் சூரத்தில் அச்சிடப்பட்டவை. ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டுக்குரியவை. 1962இல் வில்சன் இயக்கிய 'ரன் முத்து தூவ' என்ற வண்ணத் திரைப்படம், நீருக்கடிக் காட்சிகளைச் சாதாரண மக்களின் கண்முன் கொண்டுவந்தது.

அதே ஆண்டு கிளார்க்கைப் போலியோ தாக்கியது. பிற்காலத்தில் சக்கர நாற்காலியே துணையானது. ஆனாலும் தரையில் தளர்ந்த உடல் நீரில் பாரமின்றி மிதந்தது. அவர் சுழியோடுவதைக் கைவிடவில்லை. 2008 மார்ச் 19இல், 90ஆவது வயதில் கொழும்பில் காலமானார்.

அன்று அவர்களிடம் இருந்ததை விட வசதியான கமெரா இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. இருந்தும் நம் கடலடியை நாம் பார்த்ததில்லை. டைனமைட் வெடித்துப் பவளப்பாறை சிதறும்போது நமக்கு வலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணால் காணாததை யார் காப்பாற்றுவார்?

படைப்பைப் பார்த்துச் சிந்திக்கும்படி நமது மார்க்கம் சொல்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் ஒரு தடவையாவது, துறைமுகப் பகுதிப் பிள்ளைகளைச் சுழியோடும் கண்ணாடியோடு நிலாவெளிப் புறாத்தீவுக்கு அழைத்துச் செல்வோம். பெண்பிள்ளைகளையும் கரையில் நிறுத்திவிடாமல், தகுந்த உடையோடும் பாதுகாப்போடும் நீரில் இறக்குவோம். திரும்பி வந்ததும் கடலை மறுபடி வரையச் சொல்வோம்.