அணுக்களின் இடைவெளியை அளந்த விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன்

ஆனேக்கல் தறியில் ஓடும் பட்டு இழை ஒரு புரதம். நமது தோலையும் எலும்பையும் தாங்கி நிற்கும் கொலாஜனும் ஒரு புரதம்தான். இவற்றின் உறுதியில், மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் சக்திக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பிடிப்பின் கணக்கை உலகுக்குச் சொன்னவர் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். 1942-ல் மின் பொறியியல் படிக்க, பெங்களூர் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று நாம் அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அங்கே சர் சி.வி.ராமன் அவரைப் பவுதிகத்தின் பக்கம் இழுத்துக் கொண்டார்.

மூன்று புரி கயிறு

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பவுதிகத் துறைத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது சுமார் 30. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். கொலாஜன் மூன்று புரி கயிறு போல முறுக்கிய அமைப்பு உடையது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். புரிகளைச் சேர்த்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு.

இங்கிலாந்தில் இருந்து எதிர்ப்பு கிளம்பியது. கிரிக்கும் ரிச்சும், சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி இருக்கின்றன என்றார்கள். மூலக்கூறுகள் சற்று விலகி இருந்தால் ஈர்க்கும்; மிகவும் நெருங்கினால் தள்ளும். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்?

ராமச்சந்திரன் வெறும் வாதத்தில் இறங்கவில்லை. அதுவரை தெரிந்த படிக அமைப்புகளை எல்லாம் அலசி, அணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரங்களைத் தொகுத்தார். அதைக் கொண்டு, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் மோதிக் கொள்ளும் என்று படம் வரைந்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட அதுவே 'ராமச்சந்திரன் வரைபடம்'.

பிணைப்புகளின் எண்ணிக்கையில் எதிர்த்தரப்பின் கருத்தே பின்னர் நிலைத்தது. ஆனால் மூன்று புரி அமைப்பு அசையவில்லை.

1970-களின் தொடக்கத்தில் மீண்டும் பெங்களூர் வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப் பவுதிகப் பிரிவை உருவாக்கினார். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் பரிசு மட்டும் அவரைத் தேடி வரவில்லை. 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார்.

இன்றும் உலகில் எங்கே புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க விஞ்ஞானிகள் எடுத்து வைப்பது சென்னையில் வரைந்த அந்தப் படத்தைத்தான்.