ஐந்தாம் படியில் நின்றுபோன ஃபார்முலா... யார் இந்த நீல்ஸ் ஏபெல்?

பல்லுறுப்புக் கோவையில் எக்ஸ் என்பது மாறி. அதைப் பெருக்கி நிற்கும் எண், கெழு. எக்ஸின் மிகப்பெரிய அடுக்கு எதுவோ, அதுதான் படி. கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் சமன்பாடு; அதற்குப் பொருந்தும் எக்ஸின் மதிப்பு, மூலம். பள்ளியில் மனப்பாடம் செய்யும் இந்தப் 'படி'யோடு மல்லுக்கட்டியவர்தான் நார்வேயின் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல்.

1802-ல் பிறந்தவர். 1820-ல் பாதிரியாரான அப்பா இறந்ததும் குடும்பம் வறுமையில் விழுந்தது.

இருபடிச் சமன்பாட்டுக்குக் கெழுக்களை வைத்தே மூலம் காணும் ஃபார்முலா உண்டு. முப்படிக்கும் நாற்படிக்கும் 16-ம் நூற்றாண்டிலேயே இத்தாலியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்துபடிக்கு? யாருக்கும் பிடிபடவில்லை.

பள்ளி நாட்களில் ஏபெலும் ஒரு ஃபார்முலா எழுதினார். எண்களைப் போட்டுப் பார்த்தபோது தப்பு தெரிந்தது. அப்புறம் கேள்வியையே திருப்பிப் போட்டார். மூலங்கள் இருக்கும், ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றால் எல்லா ஐந்துபடிச் சமன்பாட்டுக்கும் பொருந்தும் ஃபார்முலா இருக்கவே முடியாது என 1824-ல் நிரூபித்தார்.

அச்சுச் செலவு சொந்தக் காசு. அதனால் ஆறே பக்கத்தில் சுருக்கினார். அந்தச் சுருக்கமே படிப்பவர்களுக்குச் சிக்கலானது.

நிரந்தர வேலை கிடைக்கவில்லை. காசநோய் முற்றி, 1829 ஏப்ரல் 6-ல் இறந்தபோது வயது 26. பெர்லினில் வேலை உறுதி என்ற கடிதம் எழுதப்பட்டது இரண்டு நாள் கழித்துதான்.

இன்று கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்று ஏபெல் பரிசு. 2007-ல் அதைப் பெற்றவர், சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.சீனிவாச வரதன்.