தோட்டத்துள் நுழைந்த புடவைக்காரர்

மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைச் செடிகளிடையே கூடை சுமந்து நிற்கும் தாய்மாரைக் கண்டிருப்பீர்கள். அவர்தம் முன்னோர் எவ்வூரினர்? மதுரைச் சீமையும் திருநெல்வேலிச் சீமையும் பெற்ற மக்கள். கங்காணியின் முன்பணத்தை வாங்கி, அவன் பின்னே மலையேறியவர்கள். 2009 ஆம் ஆண்டில் இந்தியா ஆசியான் நாடுகளோடு தடையற்ற வாணிப ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அக்டோபர் 2 ஆம் நாள் கேரளத்தில் நெடுஞ்சாலை நெடுகக் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தனர். தேயிலைக்கும் மிளகுக்கும் விலை விழுந்தால் வெட்டு முதலில் விழுவது கூலியின்மேல்தான் என்ற அச்சம் மலைநாட்டில் புதிதன்று. அவ்வச்சத்தை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே கடலுக்கப்பால் இலங்கை மலைகளில் எடுத்துரைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் கோ. நடேசய்யர்.

தஞ்சைத் தரணியிற் பிறந்தவர். அரசாங்கச் சேவையில் இருந்தவர், அதை விட்டுப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். தஞ்சையில் அவர் நடத்திய 'வர்த்தகமித்திரன்' வணிகர்க்கான ஏடு. 1915 இல் கொழும்பு சென்றதும் வணிகர் அழைப்பின்பேரில்தான். ஆனால் அங்கே அவர் கண்ணில் பட்டது கடைகளின் செழிப்பன்று. மலையகத் தோட்டங்களைப் பற்றிக் காதில் விழுந்த செய்திகளே.

நேரிற் பார்க்க விழைந்தார். தோட்டம் துரையின் தனி நிலம். அயலார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. என்ன செய்வது? புடவை மூட்டையைத் தலையில் ஏற்றினார். புடவை வியாபாரியை மட்டும் யாரும் தடுப்பதில்லை! லயந்தோறும் சென்று மூட்டையை அவிழ்த்தார். பெண்கள் புடவை பார்த்தனர். அவர் அவர்களுடைய வாழ்வைப் பார்த்தார். பத்தடி அறையில் ஒரு குடும்பம், விடியுமுன் பெரட்டு, தீராத கங்காணிக் கடன். துண்டு முறை என்றொரு கொடுமை அன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடனைச் சீட்டில் எழுதி, அதைக் கட்டும் தோட்டத்துக்கு அவனை விட்டுவிடுவார்கள். மாடு விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று நண்பர்களே எண்ணிப் பாருங்கள். 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது.

பின்னர் அவர் கொழும்பிலேயே தங்கினார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஏடுகளில் தோட்டத்துச் செய்திகள் அச்சேறின. 1925 இல் சட்டநிரூபண சபையில் இடம் பெற்றார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உபதலைவராக இருந்தார். இந்தியத் தொழிலாளர்க்கு எதிரான பேச்சு அங்கே தலையெடுத்ததும் விலகினார். நகரத்துச் சங்கங்கள் மலைமேல் ஏறத் தயங்கிய காலம் அது. அட்டனை நடுவாகக் கொண்டு 1931 ஜனவரியில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையை இங்கே மறத்தல் ஆகாது. எழுத்தறியாத கூட்டத்தின் முன் அவர் பாடினார். கணவர் உரை எட்டாத காதுகளுக்கும் அப்பாட்டுகள் எட்டின.

அந்நேரம் உலகப் பொருளாதார மந்தம். இலண்டனில் தேயிலை விலை விழுந்தது. 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று சட்டம் வகுத்திருந்த கூலியைத் தோட்ட முதலாளிகள் குறைக்கக் கேட்டனர், குறைத்தும் விட்டனர். ஏட்டிலும் மேடையிலும் ஐயர் எதிர்த்தார். 1933 இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் உற்பத்தியாளர் கூடிச் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் செய்தனர். ஏற்றுமதியை முதலில் 85 விழுக்காடாகக் கட்டுப்படுத்தினர். பங்குக்காரருக்கு அது அரண். கொழுந்து பறித்தவருக்கோ அந்த மேசையில் நாற்காலியே இல்லை.

சட்டத்தைத் தமிழில் விளக்கித் தொழிலாளர் கையில் கொடுத்ததே அவருடைய பெருந்தொண்டு என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்த உரிமை இருந்தும் இல்லாததே அல்லவா? குறையும் உண்டு. சம்மேளனம் அவரொருவர் தோளிலேயே நின்றது. தோட்டந்தோறும் தலைவர்களை அது வளர்க்கவில்லை. ஆகவே 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுந்ததும் அதன் வலிமை சரிந்தது. எனினும் 1936 முதல் அட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபையில் அவர் குரல் ஓயவில்லை.

அதே 1939 இல் இலங்கை அரசு இந்திய நாட்கூலிகளை வேலையினின்று நீக்கத் தொடங்கியது. நேரு கொழும்பு வந்து பேசியும் பயனில்லை. ஆகஸ்டு 1 முதல் தொழிற்பயிற்சி இல்லாத தொழிலாளர் இலங்கை செல்வதை இந்தியா தடுத்தது. இரு நாட்டு வாணிப உறவும் தொழிலாளர் நிலையும் ஒரே முடிச்சாயின. 1940 நவம்பரில் டில்லியில் நடந்த பேச்சும் உடன்பாடின்றி முறிந்தது.

1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அவர் புடவை விரித்த லயங்களின் மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு, 3,00,000 பேர் இலங்கையின் பங்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று விட்டனர். திரும்பியவர்களுள் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். கூடை அங்கேயும் அதே கூடை.