பட்டத்தில் வண்டி ஓட்டிய வாத்தியார்

பட்டம் விட்டா படிப்பு கெட்டுடும்னு திட்டு வாங்கியிருக்கீங்களா? பட்டத்தாலேயே பேர் வாங்கிய வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான் ஜார்ஜ் போக்காக்!

1774-ல் பிறந்த இவர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பள்ளி ஆசிரியர். சின்ன வயதில் பட்டக் கயிற்றில் கல்லைக் கட்டி இழுக்கவிட்டார். பிறகு பலகை. 1824-ல் தன் மகள் மார்த்தாவையே நாற்காலியில் உட்கார வைத்து, 270 அடி உயரத்துக்குப் பட்டத்தால் தூக்கினார். அடேயப்பா! நல்லவேளை, பத்திரமா இறங்கிட்டாள்.

1826-ல் குதிரையில்லாத பட்ட வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். மேலும் கீழுமாக இரண்டு பட்டங்கள். திருப்புவதற்கு நாலு கயிறு. வேகம் மணிக்கு 20 மைல்! சாலை வரி குதிரைக் கணக்கில் என்பதால் இதற்கு வரியே கிடையாது.

ஆனால் காற்று நின்றால் வண்டியும் நின்றுவிடும். எதிர்க்காற்றிலோ நேராகப் போகவே முடியாது. அதனால் வண்டி பரவவில்லை. 1843-ல் போக்காக் காலமானார்.

அவர் யோசனை மட்டும் சாகவில்லை. இன்று பனியில் பட்டத்தைப் பிடித்துச் சறுக்குகிறார்கள். காற்று குறைந்தால் பெரிய பட்டம், கூடினால் சின்னப் பட்டம். பல பட்டங்களில் அதே நாலு கயிறுதான்!

அந்த மார்த்தா யார் தெரியுமா? கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸின் அம்மா! அன்னிக்கு கயிறு அறுந்திருந்தா...?