தங்கைக்காக எழுந்த ஆஸ்பத்திரி

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் புற்று மண் எடுத்து வருவார்கள். புற்று வெளியே சிறிதாகத் தெரியும். உள்ளே பல கிளைகளாக ஓடும். உடம்புக்குள் அப்படி வளரும் கொடிய நோய்க்கும் புற்றுநோய் என்றே பெயர். அந்த நோயை எதிர்த்துப் போராடிய வீரப் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவரோ ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912-ல் டாக்டர் ஆனார். சென்னையில் மகப்பேறு ஆஸ்பத்திரியிலும் கண் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்த முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான்.

தங்கை மறைந்தார்

அவருடைய தங்கை நோயில் படுத்தார். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். மலக்குடலில் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்துபோனார். அக்காள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை!

அந்தத் துயரம் முத்துலட்சுமியின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. 1925-ல் லண்டன் சென்று புற்றுநோய் சிகிச்சை பற்றிக் கற்றார். 1927-ல் சென்னை சட்டசபை உறுப்பினராகி, அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் அமைத்தார்.

12 படுக்கை

புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று பலர் எண்ணினார்கள். முத்துலட்சுமி தளரவில்லை. நன்கொடை திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி முத்துலட்சுமி காலமானார்.

கண் சொல்லும் சேதி

கண்ணுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள ஓர் அபூர்வ உறவு, அவர் மறைந்தபின் 1976-ல் வெளிப்பட்டது. சிலருக்குப் புற்று நுரையீரலில் இருந்தது. பார்வை போனதோ கண்ணில்! இதை அமெரிக்க டாக்டர்கள் எழுதி வெளியிட்டார்கள்.

இந்த நோயில் புற்று கண்ணுக்குப் பரவுவதில்லை. புற்றை எதிர்க்க உடம்பே ஒரு பொருளை உண்டாக்குகிறது. அது பகைவன் யார், உறவினன் யார் என்று அறியாமல் கண்ணின் விழித்திரையையும் தாக்கிவிடுகிறது. மார்பகப் புற்று, கருப்பைப் புற்று உள்ளவர்களுக்கும் இது வருவதுண்டு.

சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், இரண்டு கண்களும் மங்கும். வெளிச்சம் கூசும். கண்ணுக்குள் மின்னல் போல ஒளி தோன்றும். இருட்டினால் வழி தெரியாது. உள்ளே புற்று இருப்பதே சிலருக்கு இந்தக் குறியால்தான் தெரியவருகிறது.

பார்வை மங்கியவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டாம். இது மிக மிக அபூர்வம். கண்புரை, கண்ணாடி போட வேண்டிய குறை ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஆனால் பார்வை விரைவாகக் குறைந்தால், வயசுக் கோளாறு என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முத்துலட்சுமியின் தங்கைக்கு நோயின் குறி முன்பே தெரிந்தது. அதை வேறு நோய் என்று எண்ணியதால் ஓர் உயிர் போனது.